தட்டு எந்தத் தெருவரை போகிறது?

தியானப் பகுதி: லூக்கா 2:1-20, லூக்கா 14:12-14, கலாத்தியர் 2:11-14





அட்வெந்து காலத்தில் போதகர்கள் எழுதுகிற தியானங்கள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று ஆடம்பரத்தைக் கண்டிப்பது. சீரியல் விளக்கு, குடில் போட்டி, பட்டுப்புடவை, கேக் என்று ஒரு பட்டியல் வாசிக்கப்படும். சபையார் தலையசைத்துக் கேட்பார்கள். மறுநாள் டவுனுக்குத் துணி எடுக்கப் புறப்படுவார்கள். இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுப்பது பாவம் என்று வேதத்தில் எங்கும் நான் வாசித்ததில்லை. மற்றொரு வகை குடும்பப் பாசத்தைப் புகழ்வது. அம்மா சுடுகிற அதிரசத்தில், அப்பா ஏற்றுகிற நட்சத்திரத்தில், ஆச்சி சொல்கிற ஜெபத்தில் கிறிஸ்துவைக் காணுங்கள் என்று அது அழைக்கும். கேட்க இனிமையாயிருக்கும், கண்ணில் கொஞ்சம் நீரும் வரும். எனக்கு அதிக ஆபத்தாகத் தோன்றுவது இந்த இரண்டாம் வகைதான். ஏனெனில் அது நம்மிடம் ஒன்றையும் கேட்பதில்லை.

குடும்பத்தின் எளிய தருணங்களில் கிறிஸ்துவைக் காணவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. காணத்தான் வேண்டும். ஆனால் அங்கே நாம் காண்கிற கிறிஸ்து எப்பொழுதும் நம்மைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருப்பார் என்று யார் சொன்னது? அவர் மார்த்தாளின் வீட்டிலும் பேசினார். பரிசேயனாகிய சீமோனின் வீட்டிலும் பேசினார். இரண்டு வீட்டாருக்கும் அவர் சொன்னது இனிப்பாயிருக்கவில்லை.

ஒரேயொரு தருணத்தை இந்த வாரம் உங்கள்முன் வைக்கிறேன். அது டிசம்பர் 23, 24 தேதிகளில் நம்முடைய வீடுகளில் நடப்பது. நாலைந்து நாளாக அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டி இறங்கவில்லை. முறுக்கு சுற்றியாயிற்று. அதிரசம் தட்டியாயிற்று. வறுத்த பாசிப்பயற்றைத் திரித்து வெல்லப்பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரித்த முந்திரிக்கொத்து டின்களில் அடுக்கியாயிற்று. மாலைவேளையில் ஆச்சி எவர்சில்வர் தட்டுகளைத் திண்ணையில் வரிசையாகப் பரப்புகிறார். ஒவ்வொன்றிலும் நாலு முறுக்கு, இரண்டு அதிரசம், இரண்டு கொத்து முந்திரிக்கொத்து, ஒரு துண்டு கேக், ஓரமாக வாழைப்பழம். மேலே ஒரு துணியைப் போட்டு மூடுகிறார். பேரனோ பேத்தியோ அந்தத் தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, கீழே விழுந்துவிடுமோ என்ற பயத்தோடு தெருவில் நடக்கிறது.

பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்தார் அதைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறார்கள். தீபாவளிக்கு அவர்கள் தந்ததற்கு இது பதில். அடுத்த தெருவில் இருக்கிற பாய் வீட்டிலும் வாங்கிக்கொள்கிறார்கள். ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சி அங்கிருந்துதான் வந்தது. எந்த வீட்டிலும் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு கை சீனியோ, இரண்டு பழமோ, ஒன்றுமில்லாவிட்டால் கொஞ்சம் அரிசியோ அதில் போட்டுத்தான் பிள்ளையிடம் கொடுக்கிறார்கள். எந்த மாநாட்டுத் தீர்மானமும் இன்றி, எந்தச் சமய நல்லிணக்கக் கூட்டமும் இன்றி, தாமிரபரணியின் இரு கரையிலும் பல தலைமுறையாக இது நடந்துவருகிறது. நம்முடைய கோயில்களில் கட்டப்படுகிற எந்தக் குடிலைக்காட்டிலும் இது மேலான கிறிஸ்துமஸ் காட்சி என்று நான் கருதுகிறேன்.

ஆனால் காட்சி இங்கே முடிவதில்லை. தெருமுனையில் பிள்ளை மறுபக்கம் திரும்பப் போகிறது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வருகிறது: “ஏல, அந்தப் பக்கம் போகாண்டாம். இந்த நாலு வீட்டோட வந்துரு.”

அந்தப் பக்கம் என்பதற்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெயர் உண்டு. கீழத்தெரு என்பார்கள், காலனி என்பார்கள், கைவிரலால் சுட்டிக்காட்டிப் பெயரே சொல்லாமலும் விடுவார்கள். அங்கே இருப்பவர்கள் அந்நியர் அல்லர். அவர்களிலும் நம்முடைய சபையார் இருக்கிறார்கள். நாம் பாடுகிற அதே பாமாலையைப் பாடுகிறார்கள். முந்தின ஞாயிற்றுக்கிழமை நமக்கு அருகே முழங்காற்படியிட்டு, ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து பெற்றவர்கள். திருவிருந்தின் பாத்திரம் ஒன்றாயிருக்கக் கூடுமானால், பலகாரத் தட்டுமட்டும் ஏன் நாலு வீட்டோடு திரும்பிவிடுகிறது?

பிள்ளை ஏன் என்று கேட்பதில்லை. கேட்டாலும் விடை வருவதில்லை. ஆனால் பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஓய்வுநாள் பாடசாலையில் பத்து ஆண்டுகள் மனப்பாட வசனம் சொல்லி நாம் கற்பிப்பதைக்காட்டிலும் உறுதியாக அந்த ஒரு மாலைப்பொழுதில் அது கற்றுக்கொள்கிறது. குடும்பத்தின் எளிய தருணங்களுக்கு அத்தனை வல்லமை உண்டு. அந்த வல்லமை நன்மைக்கு மட்டும் வேலைசெய்யும் என்று நினைப்பது பேதைமை.

2023 ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளி மாணவன் ஒருவனும் அவனைக் காக்க வந்த தங்கையும் தங்கள் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வெட்ட வந்தவர்கள் அவனோடு படித்த பிள்ளைகள். அதன் பிறகு அரசு நீதியரசர் சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக நியமித்தது; 2024 ஜூன் மாதத்தில் அவர் அறிக்கை அளித்தார். மாணவர்கள் கையில் கட்டுகிற வண்ணக் கயிறுகளையும், சாதியைக் காட்டுகிற மோதிரங்களையும், நெற்றி அடையாளங்களையும் பள்ளிகளில் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நல்லது, தடைசெய்யட்டும். ஆனால் கயிறு பள்ளியில் முளைக்கவில்லை. வாசற்படியிலிருந்து வந்த ஒரு குரல்தான் அதற்கு முதல் நூல். வண்ணக் கயிறு கட்டாத கிறிஸ்தவப் பிள்ளையின் மணிக்கட்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் அந்த நூல் சுற்றியிருக்கக் கூடும்.

இப்பொழுது பெத்லகேமுக்குப் போவோம்.

நம்முடைய கிறிஸ்துமஸ் நாடகங்களில் தவறாமல் வருகிற ஒரு பாத்திரம் சத்திரக்காரன். ஒட்டுமீசை வைத்து, கையில் தடியோடு, நிறைமாதக் கர்ப்பிணியைத் துரத்துகிறான். பார்க்கிற நமக்கெல்லாம் அவன்மேல் கோபம் வருகிறது. லூக்கா சுவிசேஷத்தைத் திறந்து இரண்டாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அங்கே சத்திரக்காரன் இல்லை. ஒருவன் கதவை அடைத்தான் என்ற செய்தியும் இல்லை. சத்திரம் என்று நம்முடைய மொழிபெயர்ப்பில் இருக்கிற சொல்லுக்கு மூலத்தில் ‘கத்தலூமா’ என்ற கிரேக்கச் சொல் நிற்கிறது. நல்ல சமாரியன் உவமையில் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரத்துக்கு லூக்கா எழுதுவது முற்றிலும் வேறொரு சொல். ஆனால் ஆண்டவர் சீஷரோடு பஸ்காவைப் புசிக்கத் தேடிய அறையைச் சொல்லும்போது இதே ‘கத்தலூமா’வை எழுதுகிறார். ஆகையால் அது வீட்டில் விருந்தாளி தங்குகிற அறை என்று வேதப்பண்டிதர் பலர் கருதுகிறார்கள். அக்காலத்துப் பாலஸ்தீனக் குடியானவர் வீடுகளில் ஒரு பக்கம் மனிதரும், சற்றுத் தாழ்ந்த மறுபக்கம் ஆடுமாடுகளும் இராத்தங்குவது வழக்கம். இரண்டுக்கும் நடுவே தீவனத் தொட்டி. நம் ஊர்ப் பழைய வீடுகளில் தொழு வீட்டோடு ஒட்டியிருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பின்னால் வந்த சாஸ்திரிகள் பிள்ளையைக் கண்டதும் ஒரு வீட்டில்தான் என்று மத்தேயு சொல்கிறார்.

இது உண்மையானால், நம்முடைய நாடகத்தின் வசதி பறிபோகிறது. குற்றத்தை ஏற்றுவதற்குச் சத்திரக்காரன் இல்லை. யோசேப்பு தாவீதின் வம்சத்தான்; தன் பிதாக்களின் ஊருக்குத்தான் வந்தான். இடமில்லை என்ற சொல் ஒரு குடும்ப வீட்டைப்பற்றிய சொல். உறவினர் நிறைந்த வீட்டில், எல்லாரும் நெருக்கி உட்கார்ந்திருக்கையில், யாருக்கு எங்கே இடம் என்று தீர்மானிக்கப்பட்ட அந்த இரவில் நம் இரட்சகர் பிறந்தார். அன்றிரவே அந்த வீட்டு வாசலில் மேய்ப்பர்கள் வந்து நின்றார்கள். வயல்வெளியில் கிடந்தவர்கள், ஆட்டு வாடை வீசுகிறவர்கள், ஒரு தட்டும் கொண்டுவராதவர்கள். அவர்களை உள்ளே விட்டார்கள். பிள்ளையைக் காட்டினார்கள். மரியாள் அவர்கள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டாள். முதலாவது கிறிஸ்துமஸ் அன்று ஒரு சாதாரண வீடு செய்த காரியம் இதுதான். லூக்கா இதைவிட அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை.

நம் மாவட்டத்தின் தெற்கே வடக்கன்குளம் இருக்கிறது. கத்தோலிக்க சகோதரரின் பழைமையான சபை. 1745-ல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர். 2022 மே மாதம் அவரைப் புனிதராக உயர்த்தினார்கள். அந்த ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் எழும்பிய கோயிலின் பெயர் திருக்குடும்ப ஆலயம். பெயரைக் கவனியுங்கள்: திருக்குடும்பம். அதன் அமைப்பையும் கவனியுங்கள். பீடத்திலிருந்து இரண்டு கைகளாகப் பிரிந்துபோகிற இரண்டு மண்டபங்கள். ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார். இரு பக்கத்தாருக்கும் குருவானவர் தெரிவார்; ஒருவருக்கொருவர் தெரியமாட்டார்கள். 1910-ல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்புச் சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். உயர் நீதிமன்றம்வரை சென்று தோற்றார்கள்.

சி.எஸ்.ஐ. சபையாராகிய நாம் இதைக் கேட்டு, அது அவர்கள் கதை என்று புன்னகை செய்துவிடக் கூடாது. 1820-களில் பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர், தம்முடைய பள்ளியில் தங்கிப் படித்தவர்கள் சாதி பாராமல் ஒன்றாக உண்ண வேண்டும் என்று நின்றார். மாணவர்கள் மறுத்தபோது பள்ளியைக் கலைக்கவும் அவர் தயங்கவில்லை. 1833-ல் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் தென்னாட்டுச் சபைகளுக்கு எழுதிய சுற்றறிக்கையின் பொருளும் இதுவே. 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, ஒருவன் சாதியை விட்டான் என்பதற்குப் பிறர் சமைத்ததை அவன் உண்பதையே அடையாளமாகக் கேட்டது. இவர்கள் எல்லாரும் ஏன் உபதேசத்தை விட்டுவிட்டுச் சாப்பாட்டையே சுற்றிச் சுற்றி வந்தார்கள் என்று யோசித்ததுண்டா? விசுவாசப் பிரமாணத்தை யாரும் தயக்கமின்றி ஒப்புவித்தார்கள். கஞ்சிக் கலயத்தின் அருகேதான் தயக்கம் வந்தது. வந்தவர்கள் எல்லாம் ஐரோப்பியர், நம்முடைய வழக்கம் அவர்களுக்கு என்ன தெரியும் என்று சொல்வீர்களானால், நம் சொந்த மண்ணின் மகனிடம் வருகிறேன்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளையில் 1874-ல் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தவர். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். நம்முடைய மேடைகளில் அவர் பெயர் ஒலிக்காத ஆண்டு இல்லை. 1910-ல், ஆம், வடக்கன்குளத்தில் சுவர் விழுந்த அதே ஆண்டில், எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் முப்பத்தைந்து வயதான அசரியா எழுந்து பேசினார். வெள்ளைக்கார மிஷனரிமார் நிறைந்த சபை. நீங்கள் எங்களுக்காகத் தியாகங்கள் செய்திருக்கிறீர்கள், பொருளைத் தந்திருக்கிறீர்கள். ஆனாலும் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பிளவு இருக்கிறது, எங்களுக்கு வேண்டியது சிநேகிதர் என்பதே அவர் பேச்சின் சாரம். கேட்டவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். நாம் அதை நினைத்துப் பெருமைப்படுகிறோம். வெள்ளைக்காரனிடம் நம்மவன் துணிந்து கேட்டான் என்கிறோம். அதே பேச்சை அதே சொற்களோடு, நம்முடைய கீழத்தெருச் சகோதரன் நம்முடைய வீட்டுத் திண்ணையில் நின்று சொல்வானானால் நம் முகம் எப்படியிருக்கும்?

இன்னும் ஒன்று. அசரியா முன்னின்று 1903-ல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தை நம்முடைய பாட்டிமார் தங்கள் அடுக்களையிலிருந்து தாங்கினார்கள். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டார்கள். பிடியரிசி என்று அதற்குப் பெயர். அப்படிப்பட்ட காணிக்கைகளின் பலத்தால் ஊழியர்கள் கிருஷ்ணா நதிக்கு அப்பால் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். அங்கே ஆண்டவரிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் மாலர், மாதிகர் என்ற ஒடுக்கப்பட்ட மக்கள். அந்தப் பாட்டிமாரை நான் வணங்குகிறேன். ஆனால் பிடியரிசி கிருஷ்ணா நதியைக் கடந்தது. பலகாரத் தட்டு தெருமுனையைக் கடக்கவில்லை. இதை எப்படி விளக்குவோம்?

விளக்கம் கடினமானதல்ல. பிடியரிசி போனால் திரும்பி வராது. தட்டு திரும்பி வரும். அதில் சீனியோ பழமோ பலகாரமோ இருக்கும். அவர்கள் வீட்டு அடுப்பில் வெந்தது நம் வீட்டுக்குள் வரும். நம் பிள்ளை அதைத் தின்னும். அங்கேதான் கை நின்றுவிடுகிறது.

“நாங்கள் அவர்களுக்குக் கொடுக்காமலா இருக்கிறோம்?” என்று சிலர் கேட்பீர்கள். அறிவேன். டிசம்பர் மாதத்தில் வேட்டி சேலை வழங்குகிறோம், அரிசிப் பை வழங்குகிறோம். அவர்களை வரிசையில் நிறுத்தி, பெயர் வாசித்து, புகைப்படம் எடுத்துக் கொடுக்கிறோம். சில வீடுகளிலிருந்து பலகாரமும் போகிறது. அது எதில் போகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பக்கத்து வீட்டுக்கு எவர்சில்வர் தட்டு. அந்தத் தெருவுக்குக் காகிதத் தட்டு, அல்லது பாலித்தீன் பை. காகிதத் தட்டைத் திருப்பித் தர வேண்டியதில்லை. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு அடுக்களை ஜன்னலில் தனியாக ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்குமே, அந்த டம்ளரும் இந்தக் காகிதத் தட்டும் ஒரே உபதேசத்தைத்தான் போதிக்கின்றன. தர்மம் கொடுக்கிறவனுடைய கை மேலே இருக்கிறது. பலகாரத் தட்டை மாற்றிக்கொள்கிறவர்களின் கைகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றன.

லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் விருந்துபண்ணுகிறவனுக்குச் சொன்ன ஆலோசனையை நினைத்துக்கொள்ளுங்கள். சிநேகிதரையும், சகோதரரையும், பந்துக்களையும், ஐசுவரியமுள்ள அயலாரையும் விட்டுவிட்டு, ஏழைகளையும் ஊனரையும் அழைக்கச் சொன்னார். அவர் அவர்களை அழைக்கச் சொன்ன இடம் பந்தி. வாசலில் வரிசையாக நிறுத்தி, பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பச் சொல்லவில்லை.

“ஐயா, இதெல்லாம் வழக்கந்தான், எங்கள் மனதில் வெறுப்பு ஒன்றுமில்லை” என்பது அடுத்த பதில். நம்புகிறேன். அந்தியோகியாவில் பேதுருவின் மனதிலும் வெறுப்பு இருந்ததாகப் பவுல் சொல்லவில்லை. அவர் புறஜாதியாரோடு சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தபோது பயந்து, மெல்ல விலகிக்கொண்டார். அவ்வளவே. உபதேசத்தை அவர் மாற்றவில்லை. பந்தியில் உட்காரும் இடத்தை மாற்றினார். அதற்காகப் பவுல் அப்போஸ்தலர்களில் முதன்மையானவரை எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை இதுவல்ல என்று தீர்ப்புச் சொன்னார். சாப்பாட்டில் விலகியதைச் சுவிசேஷத்தில் விலகியதாகவே அவர் எண்ணினார். ‘சொந்தக்காரர் பார்த்தால் என்ன சொல்வார்கள்’ என்பதுதான் நம்முடைய பயமும். பேதுருவின் பயத்துக்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

“இதைப் பேசினால் சபை பிரிந்துபோகும்” என்று மூப்பர்களில் சிலர் கவலைப்படுகிறார்கள். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். சபை எப்படியெல்லாம் பிரியும் என்பதை நம் திருமண்டலத்தில் கண்டிராதவர் யார்? ஆனால் நாலு வீட்டோடு தட்டு திரும்புகிற சபை ஏற்கெனவே பிரிந்துதான் இருக்கிறது. நாம் அதைப் பேசாமலிருக்கிறோம், அவ்வளவுதான். கீழத்தெருவில் இருக்கிறவர்கள் தங்களுக்குள்ளே அதைப் பேசிக்கொள்ளாமல் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் 24-ஆம் தேதி மாலையில் வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

“அவர்களே வாங்கச் சங்கடப்படுவார்கள்” என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. கொண்டுபோய்ப் பார்த்தபின் சொல்லுங்கள்.

வேண்டுமானால் செய்ய முடியும் என்பதை நாம் ஒருமுறை கண்டிருக்கிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் உடைந்ததுபோல மழை கொட்டிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை கடந்தது. திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதி நீருக்குள் நின்றது. ஆற்றோரத்துக் கிராமங்கள் பல தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், ஏறத்தாழ 800 பயணிகள் அங்கே அகப்பட்டுக்கொண்டார்கள். அருகிலிருந்த கிராமத்து மக்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துக் கொண்டுவந்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் எவரும் சமைத்தவர் எந்தத் தெரு என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. நம்முடைய பகுதியிலும் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்கியிருந்தவர்கள் ஒரே அண்டாவிலிருந்து தட்டை நீட்டி வாங்கினார்கள். அதற்கு அடுத்த வாரம் வந்த கிறிஸ்துமஸில் பல வீடுகளில் எண்ணெய்ச் சட்டி ஏறவேயில்லை. சுவரில் சேற்றுக் கோடு இருந்தது. தண்ணீர் வடிந்தது, கோடும் சுண்ணாம்புக்குள் மறைந்தது, அடுத்த ஆண்டு தட்டு மறுபடியும் நாலு வீட்டோடு திரும்பிற்று. வெள்ளம் செய்யவைத்ததைச் சுவிசேஷம் செய்யவைக்கவில்லை என்று சொல்லும்போது எனக்கு நா கூசுகிறது.

ஆச்சிமாரைக் குறைசொல்லி எழுதுகிறேன் என்று எண்ணவேண்டாம். அதிகாலை ஆராதனைக்கு மற்றவர்களை எழுப்பி அனுப்பிவிட்டு, இறைச்சி வேகிற அடுப்படியில் நின்றுகொண்டே கோயில் மணியைக் கேட்கிறவர்கள் அவர்கள். அந்தப் பழைய குரல் அவர்களோடு பிறந்ததல்ல. அவர்களுடைய ஆச்சியிடமிருந்து வந்தது. ஆண்மக்களாகிய நாம் கூடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டும் கேளாதவர்போல் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தோமே, அதை என்னவென்று சொல்வது? படித்தவர்கள், ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்க்கிறவர்கள், சபைச் சங்கத்தில் உறுப்பினராயிருக்கிறவர்கள். ஒருவராவது எழுந்து, “அந்தத் தட்டை நான் கொண்டுபோகிறேன்” என்று சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளையின் கல்வி வேறாக இருந்திருக்கும்.

ஆகையால் இந்த ஆண்டுக்குச் சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். 24-ஆம் தேதி மாலை ஜெபத்துக்குப் பின் தட்டுகளை அடுக்கும்போது இரண்டு தட்டு கூடுதலாக வையுங்கள். எவர்சில்வர் தட்டாக இருக்கட்டும். அடியில் உங்கள் வீட்டுப் பெயர் வெட்டியிருக்கிற தட்டாக இருந்தால் இன்னும் நல்லது, திரும்பி வரவேண்டுமல்லவா. பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். தகப்பனோ தாத்தாவோ கூடப் போங்கள். வாசலில் நின்று கொடுத்துவிட்டு ஓடி வராமல், அவர்கள் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். தண்ணீரோ காப்பியோ கொடுத்தால் குடியுங்கள். கீத பவனிக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை: இந்த ஆண்டு பவனி கீழத்தெருவிலிருந்து புறப்படும். வழக்கமாக அந்தத் தெருவுக்குப் போய்ச்சேரும்போது இரவு இரண்டு மணி ஆகிவிடுகிறது. பாடுகிறவர்களுக்குத் தொண்டையும் இருப்பதில்லை. அங்கே முதலாவது பாடுவோம். தேநீரும் அங்கேதான், ஏற்பாட்டை அவர்கள் செய்கிறார்கள், நாம் குடிக்கிறோம்.

தட்டு அன்றைக்கே திரும்பாவிட்டாலும் பண்டிகை முடிந்து இரண்டொரு நாளில் வந்துவிடும். அதில் என்ன இருக்கிறதோ அதைப் பிள்ளைக்குக் கொடுங்கள்; நீங்களும் எடுத்துச் சாப்பிடுங்கள், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

ஆண்டவருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்